பிழை நோட்டு பார்க்க 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சும் 10 மடங்கு லென்ஸும்

அச்சகத்தில் தவறாக அச்சாகி வெளிவந்ததே பிழை நோட்டு; சேகரிப்போர் அதற்குக் கூடுதல் விலை தருவார்கள். எண் விடுபட்ட 500 ரூபாய் நோட்டு உண்மையான பிழைதானா என்று சோதிக்க இந்த ஜோடி போதும். டார்ச்சில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தடுக்கும் கருப்பு வடிகட்டிக் கண்ணாடி இருப்பது பெரிய பலம். மலிவான 395 நானோமீட்டர் டார்ச்சின் ஊதா வெளிச்சம் மங்கலான ஒளிர்வை மறைத்துவிடும். இருட்டில் எண்களும் சிறு இழைகளும் ஒளிர வேண்டும், தாள் ஒளிரக்கூடாது. எண் இல்லாத இடத்தில் லேசாக ஏதாவது மினுங்கினால் யாரோ அழித்திருக்கிறார்கள் என்றே சந்தேகியுங்கள்.

அடுத்து லென்ஸ். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள்: சுரண்டிய இடத்தில் நார் எழும்பி நிற்கும், பின்பக்கம் எண் அழுத்திய தடம் தெரியலாம். லென்ஸின் ஓரம் சற்றுக் கலங்குகிறது. நடுவில் வைத்துப் பார்த்தால் தெளிவு.

வெட்டும்போது தாள் மடிந்திருந்ததால் ஒரு மூலை நீண்டு நிற்பது மடிப்புப் பிழை. அதற்கு, சரியான நோட்டின் 66க்கு 150 மில்லிமீட்டர் அளவோடு ஒப்பிடுவதும், மூலையைப் பின்னால் ஒட்டியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்ப்பதுமே முதலில் வேண்டும். எண் வரிசையில் நட்சத்திரம் இருந்தால் அது பிழையே அல்ல, அச்சில் கெட்டுப்போன நோட்டுக்குப் பதிலாக வைக்கப்படும் மாற்று நோட்டு. கூடுதல் விலை கொடுத்து ஏமாறாதீர்கள்.