பட்டாசலுக்குக் கிரீமா, வெளிர்பச்சையா?

செங்கோட்டை அம்மா வீட்டுக்கு மாசியில் பெயிண்ட் அடித்தோம். பட்டாசலின், அதாவது கூடத்தின் நிறம் முடிவானது அதற்கு ஏழு மாதம் முன்னால், ஆடிச் சாரலில். கடையில் ஷேடு கார்டைப் புரட்டியபோது எனக்கும் மதினிக்கும் பிடித்தது வெளிர்பச்சை. அம்மா கிரீம்தான் என்று நின்றாள். மூன்று பேர் சொன்னதும் சரிதான், ஆனால் ஒரே அறைக்கு இல்லை.

செங்கோட்டை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தபோது, அதாவது 1956 நவம்பர் 1-க்கு முன்பு கட்டிய வீடு. மழைக்காகத் தாழ இறக்கிய ஓடு, கனத்த சுண்ணாம்புச் சுவர், சின்னச் சின்ன ஜன்னல். ஜூனில் ஆரியங்காவுக் கணவாய்ப் பக்கமிருந்து காற்றும் சாரலும் வந்துவிட்டால் பகல் பதினோரு மணிக்கும் பட்டாசலில் லைட் போட வேண்டும். கடை வாசல் வெயிலில் பார்த்து எடுத்த நிறம் இந்த வீட்டுக்குள் மழைக்காலம் முழுக்க வேறு நிறமாகத்தான் இருக்கும்.

அதனால் சின்ன டப்பாக்கள் வாங்கி, இரண்டடிச் சதுர அட்டைகளில் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, அறை அறையாகச் சாய்த்து வைத்தோம். எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட், காய்ந்தபின் ஈரத்தில் பார்த்ததைவிடச் சற்று அடர்ந்து தெரியும். சுவரிலேயே பூசிப் பார்க்காததற்குக் காரணம் பழைய ரோஸ் நிறம். பக்கத்தில் ரோஸ் இருந்தால் பச்சை இன்னும் பச்சையாகக் காட்டும், கண் ஏமாந்துவிடும்.

பட்டாசலில் முதலில் தோற்றது பச்சை. ஜன்னலுக்கு வெளியே வாழையும் தென்னையும் நிற்கின்றன. அந்த இலைகளில் பட்டு உள்ளே வருகிற வெளிச்சமே பச்சைதான். அதோடு சுவரும் பச்சையானால்? மேகம் மூடிய மத்தியானத்தில் அட்டை பாசி நிறத்துக்கு இறங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை நரம்பு கிள்ளிக்கொண்டிருந்த அம்மாவின் முகம், காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் முகம்போல் இருந்தது. மதினி ஒன்றும் சொல்லாமல் பச்சை அட்டையை எடுத்துக்கொண்டு மாடி மச்சுக்குப் போனாள்.

அதே இடத்தில் கிரீமை வைத்தோம். ரெட் ஆக்சைடு தரையின் சிவப்பு மெல்ல மேலேறி, அட்டையின் கீழோரம் மட்டும் கொய்யாப்பழத்தின் உட்சதைபோல் ஆனது. மழையிருட்டில் அந்த ஒரு சாண் அகலச் சூடு அறைக்கே போதும். இங்கே ஒரு எச்சரிக்கை. மஞ்சள் தூக்கலான கிரீம் வேண்டாம். நாலு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்றின் மேல் வீசும், கார்டில் இளமஞ்சள் அறைக்குள் முழு மஞ்சளாகிவிடும். பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை எடுங்கள், நாங்கள் அப்படித்தான் எடுத்தோம். இரவிலும் பாருங்கள். நீலம் தட்டிய வெள்ளையாக எரியும் 6500 கெல்வின் எல்இடியில் எங்கள் கிரீம் சாம்பல் பூத்துப்போனது, மஞ்சளாக எரியும் 3000 கெல்வின் பல்பு மாட்டியதும் உயிர் வந்தது. பெயிண்டுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் பல்பை மறந்துவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

மச்சில் கதை தலைகீழ். மேற்குப் பார்த்த அறை, மரம் மறைக்காது. சாரல் ஓய்ந்த மாதங்களில் மூன்று மணிக்கு மேல் வெயில் கட்டில்வரை வரும். ஐப்பசியில் மழை விட்ட ஒரு சாயங்காலம் அங்கே கிரீமை வைத்தால் கண் கூசியது. வெளிர்பச்சை அந்த மஞ்சள் வெயிலை வாங்கிக்கொண்டு புளியந்தளிர் நிறத்தில் அமைதியாக நின்றது. மச்சுக்குப் பச்சைதான், சந்தேகமே இல்லை.

சுத்த வெள்ளை அடித்தால் வெளிச்சம் கூடும் என்பார்கள். ஜன்னல் வழியே வருவதைத்தான் வெள்ளை திருப்பித் தரும். மேகத்தின் சாம்பல் வந்தால் சாம்பலையே தரும். உத்தரத்துக்குக் கீழே ஒரு பட்டைக்கு மட்டும் வெள்ளை அடித்தோம். நீலம் பரிசோதனைக்கே வரவில்லை, ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கிற வீட்டுக்கு அது எதற்கு?

அடுப்படிப் பின்சுவர் வேறு வழக்கு. அங்கே போட்டி எமல்ஷனுக்கும் சுண்ணாம்புக்கும். முன்பு ஒரு காண்டிராக்டர் ஈரம் காயாத சுவரில் புட்டி (சுவரை வழவழப்பாக்கும் மாவு) தேய்த்து எமல்ஷன் அடித்துவிட்டுப் போனார். அடுத்த சாரலில் இடுப்பு உயரத்துக்குக் கொப்புளம். நகத்தால் தொட்டால் பால் ஆடைபோல் உரிந்து வந்தது, பின்னால் ஈரக்காரை வாசம். ஈரம் அடியிலிருந்து ஏறுகிற பழைய சுவரை எமல்ஷன் மூடிவிடுகிறது. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், காரத்தன்மையால் பூசணமும் எளிதில் பிடிக்காது. கையில் ஒட்டும், துடைத்துக் கழுவ முடியாது, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். அப்படியும் என் ஓட்டு சுண்ணாம்புக்கே. அடிக்கும்போது தண்ணீர்போலத் தெரியும், பயப்படாதீர்கள், காயக்காயத்தான் வெளுக்கும். ஒரு சிட்டிகை நீலம் கலந்தால் பழுப்பு தட்டாமல் தெரியும்.

அடிப்பதற்கு முன்னால் பெயிண்டர் அண்ணாச்சி அந்தச் சுவரில் ஒரு முழம் பாலிதீனை நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விடச் சொன்னார். மறுநாள் காலை பிரித்தபோது உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். “மாசியிலயே இப்படின்னா, வெளியே ஓடுத சாக்கடையப் பாருங்க தாயி, பெறவு சுவரப் பாப்போம்” என்றார். சாக்கடையைத் தோண்டிச் சரிசெய்ய ஆள் சொல்லியிருக்கிறோம். சுண்ணாம்பு மூட்டை தார்சாவில் (முன்தாழ்வாரத்தில்) பிரிக்காமல் இருக்கிறது.