சாக்கடை பைப் மாற்ற ஆள் விடுகிறீர்களா? வாட்டம் (சரிவு) பார்க்காமல் குழியை மூட விடாதீர்கள்

மதுரையில் ஆனையூர், கூடல்நகர் பக்கம் வெளிச் சாக்கடையை மாற்ற ஆள் தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் பின்பக்கக் குளியலறையிலிருந்து தெரு மேன்ஹோல் வரை பழைய மண்குழாய். நடுவில் வேப்பமரம், இணைப்புகளில் வேர் புகுந்து அடிக்கடி அடைக்கும். அறுபது அடியையும் எடுத்துவிட்டு நாலு இஞ்ச் பிவிசி போட்டுப் புதுச் சேம்பர் கட்டித் தருவதாக ஒரு கான்ட்ராக்டர் 48 ஆயிரத்துக்குப் பேசினார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பைப்பை இறக்கி, மண்ணைத் தள்ளி, மேலே சிமெண்டும் பூசியாகிவிட்டது. என் மனைவி கேட்டதற்கு, "பிள்ளைங்க விழுந்துரும்க்கா, அதான் மூடிட்டோம்" என்றிருக்கிறார். எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளையே கிடையாது.

ஐப்பசியில் முதல் பெருமழைக்கே குளியலறைத் தரையில் கறுப்பாகத் தண்ணீர் பொங்கி வந்தது. போன் போட்டால், "கார்ப்பரேஷன் லைன் ஃபுல்லா இருக்குண்ணே, மழை விட்டா சரியாயிரும்" என்றார். மழை விட்டது, நாற்றம் விடவில்லை, அப்புறம் அவர் போனையே எடுப்பதில்லை.

வேறு பிளம்பரை வைத்துத் தோண்டினோம். மரத்தடியில் பழைய மண்குழாய் அப்படியே கிடக்கிறது! இரண்டு பக்கமும் புதுப் பைப்பைச் செருகி, சுற்றிலும் சிமெண்டை அப்பி வைத்திருக்கிறார்கள். போட்ட பைப்பாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. கழிவுநீருக்கும் மழைநீருக்கும் போடுகிற இந்த எஸ்டபிள்யூஆர் (SWR) பிவிசி பைப்பில் ஏ, பி என்று இரண்டு ரகம். ஏ மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும், பி கழிவுக்கு. 110 மி.மீ. (நாலு இஞ்ச்) பைப்பில் பி ரகம் குறைந்தது 3.2 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும், ஏ ரகத்துக்கு 2.2 போதும். துண்டுச்சீட்டில் பி என்று எழுதிக் காசு வாங்கிவிட்டு ஏ ரகத்தைப் புதைத்திருக்கிறார், அதுவும் அடியில் மணல் இல்லாமல் செங்கல் துண்டுகள் மேலேயே. வாட்டம் பத்து அடிக்கு இரண்டு, இரண்டரை இஞ்ச் இறங்க வேண்டும், தண்ணீர் டியூப் பிடித்து மட்டம் பார்த்தால் ஓரிடத்தில் தெருப்பக்கம் ஏறிக்கொண்டு போகிறது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மொட்டைமாடி மழைக்குழாய் வெட்டிய இடத்துக்குக் குறுக்கே வந்ததென்று அதையும் சாக்கடை லைனிலேயே கோத்துவிட்டிருந்தார். குளியலறையில் பொங்கியது அதனால்தான். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வெட்டிய குழி வாசலிலேயே இருக்கிறது, அதுவரை பைப்பை நீட்டச் சோம்பல்.

பைப் இறங்கும்போதே மேலே அச்சடித்திருக்கும் ரகத்தையும் ஐஎஸ்ஐ முத்திரையையும் படியுங்கள். குழி திறந்திருக்கும்போதே கடைசி முனையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, எந்த இணைப்பில் கசிகிறது என்று பாருங்கள், போனில் படமும் எடுத்து வையுங்கள். அதற்கு முன்னால் மீதிப் பணம் வேண்டாம்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தாயிற்று. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. இப்போது அவரே கூப்பிட்டு, "ரெண்டாயிரம் வாங்கிட்டு விட்ருங்கண்ணே" என்கிறார். மறுபடி தோண்டிய கூலி, பைப் விலை எல்லாவற்றுக்கும் பில் வைத்திருக்கிறேன், அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் புகாரைத் திரும்ப வாங்குவதாக இல்லை.