சர்ச்சைக்குரிய பக்கங்களில் எழுத மாணவர்களுக்கு ஒரு விக்கிப்பீடியா பயிற்சி: என் அனுபவம்

மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 14 பேருக்கு இந்த ஆண்டு ஒரு விக்கிப்பீடியா பயிற்சி ஏற்பாடு செய்தேன். இரண்டு சனிக்கிழமைகள் முழு நாள் வகுப்பு, நடுவில் மூன்று வாரம் மாலை வேளையில் இணையவழிச் சந்திப்பு. நடத்தியவர்கள் ஒரு அக்காவும் ஒரு தம்பியும். இருவரும் விக்கிப்பீடியாவில் புனைபெயரில் எழுதுகிறவர்கள் என்பதால் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கட்டணம் எதுவும் வாங்கவில்லை. பேருந்துச் செலவையும் மதியச் சாப்பாட்டையும் கல்லூரி பார்த்துக்கொண்டது. இப்படி ஒரு பயிற்சி தேவைப்படும் ஆசிரியர்கள் தமிழ் விக்கிப்பீடியாவின் ஆலமரத்தடியில் (பயனர்கள் கூடிப் பேசும் பொதுப் பக்கம்) கேட்டுப் பார்க்கலாம். எனக்கு இவர்கள் அங்கேதான் கிடைத்தார்கள்.

போன ஆண்டு வேறொரு குழுவை அழைத்திருந்தேன். ஒரே நாள் பயிற்சி. காலையில் கணினிக் கூடத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் கணக்குத் தொடங்க உட்கார்ந்தார்கள். ஆறு பேருக்குக் கிடைத்தது, ஏழாவது ஆளுக்குக் கிடைக்கவில்லை. ஒரே இணைய முகவரியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு கணக்குகள்தான் தொடங்க முடியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை. தலைப்புகளைச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். ஒரு மாணவிக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு சாதியின் வரலாற்றுப் பக்கம் வந்தது. தெற்காசியச் சாதிகள் பற்றிய பக்கங்களுக்கு அங்கே தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் எழுதிய மூன்று பத்திகளையும் இருபது நிமிடத்தில் யாரோ நீக்கிவிட்டார்கள். அவள் திரும்பப் போட்டாள், மறுபடி நீக்கினார்கள். நான்காவது தடவை போட்டதும் கணக்கு 24 மணி நேரத்துக்கு முடக்கப்பட்டது. மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அவள் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாள். அந்தத் தவறில் என் பங்கும் உண்டு. கட்டுரை பக்கத்தில் நிலைத்தால்தான் மதிப்பெண் என்று சொல்லியிருந்தேன்.

அதனால் இந்த ஆண்டு பயிற்சிக்கு ஒரு வாரம் முன்பே அந்த அக்கா தொலைபேசியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "மதிப்பெண் எதற்குப் போடப் போகிறீர்கள்?" மாணவர் தன் மணல்தொட்டியில் (எழுதிப் பழகும் வரைவுப் பக்கம்) என்ன எழுதினார், எந்தச் சான்றைக் கொடுத்தார், உரையாடல் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி மற்றவர்களோடு விவாதிக்கும் பக்கம்) எப்படிப் பேசினார் என்று பாருங்கள், திருத்தம் நிலைத்ததா என்று பார்க்காதீர்கள் என்றார். கணக்குகளை வீட்டிலிருந்தே தொடங்கி வரச் சொன்னார். சொந்தப் பெயர் வேண்டாம், ஊர், கல்லூரி, படம் எதுவும் பயனர் பக்கத்தில் போட வேண்டாம் என்றும் சொன்னார். முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு. சூடான தலைப்பில் எழுதுகிறவர்களை வெளியே தேடிப் பிடித்துத் தொல்லை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை முதல் நாளே சொல்லாத எந்தப் பயிற்சியையும் இனி என் மாணவர்களுக்கு நான் ஏற்கமாட்டேன்.

முதல் சனிக்கிழமை மதியம் வரை யாரையும் 'தொகு' என்ற பொத்தானைத் தொட விடவில்லை. திரையில் வந்தது போலந்து நாட்டின் கதான்ஸ்க் நகரம். ஜெர்மானியர்கள் அதை டான்சிக் என்பார்கள். எந்தப் பெயரை எழுதுவது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் நெடுநாள் சண்டை நடந்து, 2005இல் வாக்கெடுப்பு வைத்து, 1308 முதல் 1945 வரையிலான காலத்துக்கு டான்சிக், அதற்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க் என்று முடிவானது. நம் பிள்ளைகளுக்கு அந்த ஊரோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை. அதனால்தான் இரு தரப்பும் சொன்னதைப் பொறுமையாகப் படித்தார்கள். எங்கே வாதம் முடிந்து வசை தொடங்குகிறது என்று அவர்களே விரல் வைத்துக் காட்டினார்கள். தேர்ந்தெடுத்த உதாரணம் அவ்வளவு பொருத்தம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கீழடி. அங்கேதான் வகுப்பு சூடானது. எங்களுக்கு அது பக்கத்து ஊர், எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்த இடம். "கீழடி உலகின் முதல் நகர நாகரிகம்" என்று ஒரு மாணவி மணல்தொட்டியில் எழுதியிருந்தாள். தம்பி அதைத் தப்பு என்று அடிக்கவில்லை. "இதை யார் சொன்னார்கள், எங்கே சொன்னார்கள்?" என்று மட்டும் கேட்டார். அரை மணி நேரம் தேடியபின் வாக்கியம் இப்படி மாறியது: "353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 580 எனத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் 2019 அறிக்கை குறிப்பிடுகிறது." இந்திய தொல்லியல் துறை 2025இல், கீழடியில் முன்பு அகழாய்வு நடத்திய தன் அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணாவின் அகழாய்வு அறிக்கையைத் திருத்தித் தரக் கேட்டதும், அவர் தன் காலக் கணிப்பில் உறுதியாக நின்றதும் அதன் கீழே தனி வாக்கியங்களாக வந்தன. "மேடம், முதல்ல எழுதினதைவிட இதுதான் கெத்தா இருக்கு" என்றாள் அவள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பயிற்சியின் மிக நல்ல பகுதி இரண்டாம் வாரச் சந்திப்பில் வந்தது. யாழ்ப்பாண நூலகம் பற்றி எழுத விரும்பிய மாணவன் ஒருவன் கேட்டான்: "நடுநிலை என்றால் எரித்தவங்க தரப்புக்கும் பாதி இடம் கொடுக்கணுமா அக்கா?" அவர் உடனே இல்லை என்றார். 1981இல் நூலகம் எரிக்கப்பட்டது நடந்த நிகழ்வு. அதைச் "சிலர் கூறுகின்றனர்" என்று எழுதினால் அது பொய். யார் கட்டளை, யாருடைய பொறுப்பு எவ்வளவு என்பதில் நம்பகமான ஆக்கங்கள் வேறுபட்டால், அந்த இடத்தில் மட்டும் யார் சொன்னது என்று பெயரோடு எழுத வேண்டும். இடமும் பாதிப் பாதி கிடையாது, நல்ல நூல்களிலும் ஆய்வுகளிலும் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு. 'கொடூரமாக' என்ற சொல்லை எடுத்துவிட்டு 97,000க்கு மேற்பட்ட நூல்கள் என்ற எண்ணைச் சான்றோடு வைக்கச் சொன்னார். இலங்கை தொடர்பான பக்கங்களிலும் ஆங்கில விக்கிப்பீடியாவில் நிருவாகிகள் சட்டென்று தடை போடும் அதிகாரம் உண்டு, அதனால் முதலில் உரையாடல் பக்கத்தில் முன்மொழிந்துவிட்டுக் காத்திரு என்றும் எச்சரித்தார். 20 ஆண்டுகளாக வகுப்பில் நடுநிலை என்ற சொல்லைப் பயன்படுத்துகிறேன். இவ்வளவு தெளிவாக நான் சொன்னதில்லை.

குறைகளும் இருக்கின்றன. கையில் கொடுத்த தாள்கள் பாதி ஆங்கிலத்தில் இருந்தன. எங்கள் பிள்ளைகளில் பலர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், அவர்களுக்கு அது சுமை. இணையத்தில் கிடைக்கும் சான்றுகளைப் பற்றி நிறையப் பேசினார்கள். அச்சில் மட்டும் இருக்கும் தமிழ் நூல்களை எப்படி மேற்கோள் காட்டுவது என்பதற்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்கவில்லை. வரலாற்று மாணவர்களுக்கு அதுதான் முதல் தேவை. மூன்று வாரமும் போதாது. உரையாடல் பக்கத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் வரவே சில நேரம் ஒரு மாதம் ஆகிறது, அதற்குள் பயிற்சி முடிந்துவிடுகிறது. ஒரு பருவம் முழுக்க, வாரம் ஒரு மணி நேரம் என்று நடத்தினால் நன்றாக இருக்கும். அடுத்த ஆண்டு அப்படித்தான் கேட்டிருக்கிறேன்.

14 பேரில் ஒன்பது பேர் பயிற்சி முடிந்த பிறகும் எழுதுகிறார்கள். சூடான தலைப்பு வேண்டாம் என்று இருவர் தங்கள் ஊர்க் கண்மாய்களைப் பற்றி எழுதப் போய்விட்டார்கள், அதுவும் நல்ல முடிவுதான். கீழடி மாணவியின் முன்மொழிவுக்குப் போன வாரம் ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். வாக்கியம் சரி, அறிக்கையின் பக்க எண் வேண்டும் என்கிறார். அவள் நேற்று நூலகத்தில் அந்த அறிக்கையை வாங்கிப் புரட்டிக்கொண்டிருந்தாள்.