நாலு வருஷம், 51,000 கிலோமீட்டர்: பிக்கப்புக்கு வாக்கிங் போகும் கதை

வாரம் ஒருநாள், பெரும்பாலும் ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்கு, வெறும் பிக்கப்பை எடுத்துக்கொண்டு காங்கயத்திலிருந்து வெள்ளகோவில் வரை போய்த் திரும்பி வருகிறேன். சரக்கு ஏற்றுவதில்லை, யாரையும் பார்ப்பதில்லை. நடுவில் வண்டியை அணைக்கக் கூடாது என்பதால் வழியில் டீ கூடக் குடிப்பதில்லை. போகவர 40 கிலோமீட்டர், மூன்று லிட்டர் டீசல், கிட்டத்தட்ட 280 ரூபாய். வீட்டில் இதற்கு 'வண்டிக்கு வாக்கிங்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்களுக்குத் தென்னந்தோப்பும் சின்னதாக ஒரு கொப்பரைக் களமும் உண்டு. தோப்பிலிருந்து களம் நாலு கிலோமீட்டர், களத்திலிருந்து காங்கயம் எண்ணெய் மில் ஒன்பது. எப்போதாவது பெருந்துறை, அவல்பூந்துறை ஏலத்துக்குப் போவதோடு சரி. ஒரு நாளைக்கு 30, 35 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இந்தக் கணக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வம்பும் இதில்தான் இருக்கிறது.

முன்பு இருந்த வண்டி 2010 மாடல், பி.எஸ்.3, அதாவது புகைக் கட்டுப்பாட்டு விதியில் பழைய படி. அப்பா காலத்தில் ஈரோடு மஞ்சள் மண்டிவரை போய்வந்த வண்டி. அதன் மேல் எனக்குப் பாசம் உண்டு, ஆனால் பொய் சொல்லக் கூடாது, கடைசி மூன்று வருஷம் அது என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. 2018-ல் இன்ஜின் சிலிண்டருக்குப் போர் வேலை, பிஸ்டன், ஹெட் கேஸ்கெட் எல்லாம் சேர்ந்து 72,000 ரூபாய். அடுத்த வருஷம் கியர் பாக்ஸ். புதுசு கிடைக்காமல் கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் ரெண்டு நாள் அலைந்து ஒன்றைப் பிடித்தோம். அப்புறம் ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடத்தில் சேஸிஸில் விரிசல். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் டிங்கர் வேலை, பெயிண்ட், ஸ்டிக்கர் என்று ஒரு மாச வருமானம் போய்விடும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அந்த வண்டி நடுரோட்டில் நின்றாலும் மெக்கானிக் அண்ணன் டி.வி.எஸ். 50-ல் ஒரு ஸ்பேனர் பையோடு வந்து, பொழுதோட வண்டியைக் கிளப்பிவிடுவார்.

'இன்னும் பத்து வருஷம் ஓடுமுங்க, விக்காதீங்க' என்றார் அவர். நான் கேட்கவில்லை. 2021-ல் 1,70,000 ரூபாய்க்கு முத்தூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் புதுசுக்கு முன்பணம் கட்டினேன். அப்போது உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. வண்டி கைக்கு வர மூன்று மாசம் ஆனது. அதுவரை ஒரு நடைக்கு 1,400 ரூபாய் என்று வாடகை வண்டி. மொத்தம் ஒன்பது லட்சத்துச் சொச்சம் ஆனது. விற்பனையாள் தம்பி ஏசி, பவர் ஸ்டியரிங், மைலேஜ் எல்லாம் விளக்கினார். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று மட்டும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை.

கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி உள்ள டீசல் வண்டி எதுவானாலும், என்னைப்போல ஓட்டினால் இதில் பாதியாவது பொருந்தும்.

2020 ஏப்ரல் 1 முதல் புது வண்டி எல்லாம் பி.எஸ்.6. டீசலில் இதற்காக சைலன்சர் வரிசையில் இந்த வடிகட்டியை வைக்கிறார்கள். உள்ளே தேன்கூடு மாதிரி செராமிக், புகையில் வரும் கரியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிடித்த கரியை எரித்துத் தீர்க்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். நீண்ட தூரம் விரட்டி ஓட்டினால் பிரச்சினை இல்லாமல் எரிந்துவிடும். இல்லாவிட்டால் வண்டியே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்துச் சூடேற்றப் பார்க்கும். அதற்கு விடாமல் கால் மணி, இருபது நிமிஷம் ஓட வேண்டும். எங்கள் வண்டி எரிக்கத் தொடங்கும்போது களம் வந்துவிடும், சாவியைத் திருப்பி அணைத்துவிடுவோம். மறுபடி மில்லுக்குப் போகும்போது தொடங்கும், மில் வந்துவிடும். சோறு வெந்துகொண்டிருக்கும்போது அடுப்பை அணைத்து அணைத்துப் பற்றவைத்த கதைதான்.

14,000 கிலோமீட்டரில் டேஷ்போர்டில் மஞ்சள் எச்சரிக்கை லைட் வந்தது. டிரைவர் தம்பி 'சும்மா எரியுதுங்கண்ணா' என்றான், விட்டுவிட்டோம். ஒன்றரை மாசம் கழித்து, கொப்பரை லோடோடு சென்னிமலை ரோட்டில் வண்டியின் இழுவை சுத்தமாகக் கட் ஆகிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் 30-க்கு மேல் போகவில்லை. பழைய வண்டியாக இருந்தால் சத்தமோ புகையோ முன்கூட்டியே காட்டியிருக்கும். இது சத்தமே இல்லாமல் படுத்துக்கொண்டது.

சர்வீஸ் சென்டர் 25 கிலோமீட்டர். லேப்டாப்பை மாட்டி, நிற்கிற வண்டியை முக்கால் மணி நேரம் உறும விட்டுக் கரியை எரித்தார்கள். பின்னால் சைலன்சர் பக்கம் கை வைக்க முடியாது, அனல். எங்கள் பக்கம் கொறங்காடு என்கிற மேய்ச்சல் காட்டில் கொழுக்கட்டைப் புல் காய்ந்து கிடக்கும், களத்தில் தேங்காய் நார் மலையாகக் கிடக்கும். நார்க் குவியல் ஓரமாக நிறுத்தியிருக்கும்போது இந்தச் சூடு பட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதற்கப்புறம் வண்டி நிறுத்த சிமென்ட் தரைதான்.

'ஒரு நாளைக்கு எவ்வளவுங்க ஓடுது?' என்று கேட்டார் சர்வீஸ் சென்டர்க்காரர்.

'முப்பது முப்பத்தஞ்சு வருமுங்க.'

'அதானுங்கண்ணா. இது ஓடற வண்டிக்குச் செஞ்சது. நீங்க நிறுத்தி நிறுத்தி எடுக்கறீங்க. வாரம் ஒருக்கா பைபாஸ்ல 2,000 ஆர்.பி.எம்.க்குக் கொறையாம அரைமணி நேரம் ஓட்டுங்க, சரியாயிரும்.'

இப்படித்தான் வாக்கிங் ஆரம்பித்தது. உண்மையாகவே பலன் இருக்கிறது. அதற்கப்புறம் லைட் ரெண்டே முறைதான் வந்தது. ஆனால் வருஷத்துக்கு 14,000 ரூபாய்க்கு மேல் டீசலை வெறும் ரோட்டில் கொட்டுகிறேன்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்லித்தரமாட்டார்கள். ஆயில் குறைகிறதா என்றுதான் நாம் குச்சியை எடுத்துப் பார்ப்போம். இதில் ஆயில் ஏறியது! குச்சியில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறது, முகர்ந்தால் டீசல் வாசம். பாதியில் அணைக்கும்போதெல்லாம் எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலந்துவிடுகிறது. நீர்த்த ஆயிலில் ஓட்டினால் டர்போவும் பேரிங்கும் போகும். நான் இப்போது கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்குப் பாதியிலேயே ஆயில் மாற்றிவிடுகிறேன். அதுவும் சாம்பல் குறைவாக விடும் ஆயில்தான் ஊற்ற வேண்டும். கரியை எரிக்கலாம், ஆயில் விடும் சாம்பலை எரிக்க முடியாது. கைக்குக் கிடைத்த டப்பாவை ஊற்றுபவர்கள் கவனம்.

எலிக்கு வருகிறேன். கொப்பரைக் களத்தில் எலிக்குப் பஞ்சமில்லை. ரெண்டாவது வருஷம் சென்சார் ஒயரைக் கடித்துவைத்தது. எலி கடித்ததற்கு வாரன்டி இல்லை, முழு ஒயரிங் செட்டும் மாற்ற 60,000 ஆகும் என்றார்கள். லோக்கல் எலக்ட்ரீசியன் 700 ரூபாயில் மூன்று ஒயரை ஒட்டிக்கொடுத்தார். வண்டி ஓடியது. எட்டு மாசம் கழித்து அதே பக்கம் ஒரு சென்சார் போனபோது, 'வெளியில் கை வைத்திருக்கிறீர்கள்' என்று வாரன்டியை மறுத்துவிட்டார்கள். ஒட்டிய இடத்துக்கும் அந்த சென்சாருக்கும் சம்பந்தமே இல்லை. வாதாடிப் பார்த்தேன், வெசனம்தான் மிச்சம்.

43,000 கிலோமீட்டரில், இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று போனது. பழைய வண்டியில் நாசில் போனால் கழற்றி டீசல் பம்பு கடையில் கொடுத்து, சுத்தம் செய்து, மாட்டி, ஓட்டிக்கொண்டு வருவோம். இதில் புதுசு வாங்கி, அதன் மேல் அச்சடித்த நம்பரைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் வண்டி ஒழுங்காக ஓடும். சாமான் வர 11 நாள். விலையைக்கூட விடுங்கள், அந்த 11 நாள்தான் கொல்கிறது. காய்ந்த கொப்பரை களத்தில் கிடக்கிறது, வானம் கறுக்கிறது, நான் வாடகை வண்டிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். வண்டி ஓடினாலும் நின்றாலும் இன்சூரன்ஸில் தேர்டு பார்ட்டி மட்டும் 16,049 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி.

'அந்த வடிகட்டியவே எடுத்துடலாமுங்க' என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். சட்டப்படி தப்பு. பாதி மனசு இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. எஃப்.சி.யில் மாட்டினால் என்ன ஆகும் என்ற பயம்தான் தடுத்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். லோடோடு லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுக்கிறது, பழையது பத்தைத் தாண்டாது. ஒருமுறை ஆசனூருக்கு வீட்டுச் சாமான் ஏற்றிக்கொண்டு திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவும் ஏறினேன், சூடு முள் அசையவில்லை. தினம் 150 கிலோமீட்டர் ஓட்டும் காய்கறி வண்டிக்காரர் என்னிடம் கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்பேன்.

என் ஓட்டத்துக்கு எது சரி என்று ஆறு மாசமாகத் தேடுகிறேன். இப்போது இருக்கும் வண்டியை 4,25,000-க்கு மேல் யாரும் கேட்கவில்லை. எலெக்ட்ரிக்தான் என் தூரத்துக்குப் பொருத்தம், ஆனால் என் லோடுக்கு ரெண்டு நடை அடிக்க வேண்டும். டீசல் வண்டிக்குப் பத்து வருஷத்தில் தடை என்பது டெல்லிப் பக்கம்தான், நம்ம ஊரில் எஃப்.சி. பாஸானால் ஓட்டலாம். அதனால் பழைய வண்டிக்கு இங்கே கிராக்கி.

போன வாரம் முத்தூர்க்காரரைப் போய்ப் பார்த்தேன். என் 2010 வண்டி அவர் வாசலில் நிற்கிறது, கருங்கல் ஏற்றியிருக்கிறார். கதவில் அப்பா எழுதவைத்த பெயர்கூட அப்படியே இருக்கிறது. விற்பீர்களா என்று கேட்டேன். 2,30,000 என்றார். கல்லை இறக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.