42,000 ரூபாய் கொடுத்தும் கரண்ட் வரல: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் வீடு கட்டுறவங்க தயவுசெய்து படிங்க

மின்வாரிய செக்‌ஷன் ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன்னு அலைஞ்சுட்டு இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். கை இன்னும் நடுங்குது. உலை வைக்கக்கூட மனசு வரல, முதல்ல இதை எழுதிடுறேன். நாளைக்கு எழுதலாம்னு விட்டா அழுதுட்டு அப்படியே அடங்கிப் போயிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

நாங்க உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவுல இருக்கோம். வீட்டுக்காரர் விசைப்படகுல கூலிக்குப் போறவரு. அம்மா பாசி எடுக்கப் போயி, முதுகு ஒடிஞ்சு சம்பாரிச்சு வாங்கிப் போட்ட மூணு சென்ட் இடம், போன வருசம்தான் எனக்கு எழுதிக் கொடுத்தாங்க. பதினாலு வருசமா ஓலைக்கொட்டாயிலயும் வாடகை வீட்டுலயும் இருந்துட்டு இப்பத்தான் ஒரு ஹாலு, ஒரு ரூமு, அடுப்படின்னு சின்னதா கட்ட ஆரம்பிச்சோம்.

எங்க கணக்கு இதுதான். ஏப்ரல் 15-ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் 61 நாள் படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் வீட்டுக்காரர் வேலை நடக்குற இடத்துலயே நிக்கலாம், ஒரு சித்தாள் கூலியும் மிச்சம். அதுக்கு முன்னாடி கட்டுமானத்துக்கான டெம்ப்ரவரி கரண்ட் வாங்கி வச்சிடணும். எங்க பக்கம் போர் போட்டா உப்புத் தண்ணிதான். சிமெண்ட் வேலைக்கு லாரித் தண்ணிய தொட்டியில இறக்கி, மோட்டார் வச்சுத்தான் ஏத்தணும். கம்பி வெட்டுற மெஷினுக்கும் கரண்ட் வேணும். வீடு கட்டுனவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆன்லைன் சென்டர். அரசாங்கத்தோட இ-சேவை மையம் இல்ல, தனியார். ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், பான் கார்டு, பஸ் டிக்கெட்டு எல்லாம் போடுற கடை. கடைப் பேரைப் போடல, போட வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு. அம்மா எழுதிக் கொடுத்த இடத்துக்கு பட்டா மாறுதல் விண்ணப்பம் அங்கதான் போட்டோம். கடை வச்சிருக்கிறவன் சொன்ன காசுதான் வாங்குனான். சொன்ன மாதிரியே பட்டா என் பேருக்கு மாறி வந்துச்சு. பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, "அம்மாகிட்ட காட்டுங்கக்கா, சந்தோசப்படுவாங்க"ன்னு கொடுத்தான். அந்தப் பட்டாவ அம்மா கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. நான் விழுந்தது அங்கதான். ஒரு வேலைய ஒழுங்கா முடிச்சுக் கொடுத்தவன் அடுத்த வேலையில மோசம் பண்ணுவான்னு யாருக்குத் தோணும்?

மார்ச் முதல் வாரம் கரண்ட் விசயமா போனேன். உக்கார வச்சு, பக்கத்துக் கடையில டீ சொல்லி, நோட்டைத் திறந்து வரிசையா எழுதிக் காட்டுனான். வாரியத்துக்குக் கட்ட 18,500. "உங்க தெருவுல இருக்கிற போஸ்டுல லோடு ஃபுல்லுக்கா, புதுசா போஸ்ட் நடணும்", அதுக்கு 15,000. மீட்டர் பெட்டியும், இப்ப புது இணைப்புக்குக் கட்டாயமாக்கியிருக்கிற ஷாக் தடுக்குற ஆர்.சி.டி.யும் வாங்க 3,500. அப்புறம் 'செலவு'ன்னு மட்டும் எழுதி 5,000. ஆக மொத்தம் 42,000. அந்த 5,000 என்ன செலவுன்னு நான் கேக்கல. கேட்டா வேலை நடக்காதோன்னு பயம். அது என் தப்பு, ஒத்துக்கிறேன்.

"ஆபீஸ், ஆபீஸா நீங்க ஏங்க்கா அலையணும்? அண்ணன் கடலுக்குப் போயிட்டாரு, சின்னப் புள்ளைய வச்சிருக்கீங்க. என் அக்காவா இருந்தா அலைய விடுவேனா?" இதே வார்த்தை. ஒரு எழுத்துக்கூட நான் கூட்டிச் சொல்லல. கூடப் பிறந்த தம்பி எனக்கில்ல. அந்த வார்த்தையில மனசு இளகிப் போச்சு.

ரெண்டு பவுன் சங்கிலிய அடகு வச்சு 20,000 ரொக்கமா கொடுத்தேன். மகளிர் குழுக் கடன்ல வந்ததுல 22,000 ஜிபே பண்ணேன். அனுப்பும்போது வேற ஒரு பொம்பளைப் பேரு வந்துச்சு. கேட்டா, "என் அக்கவுண்டுல லிமிட் முடிஞ்சிருச்சுக்கா, இது வீட்டுல உள்ளவங்க நம்பர்"னான். அப்பவாவது கைய இழுத்திருக்கணும்.

ஒரு தாளு கொடுத்தான். மேல வாரியத்தோட பேரு, நடுவுல விண்ணப்ப எண், கீழ தொகை. சீலு வச்ச மாதிரியே இருந்துச்சு. "ஏப்ரல் பத்துக்குள்ள மீட்டர் மாட்டிருவாங்க"ன்னான்.

ஏப்ரல் பத்து போச்சு. பதினஞ்சு போச்சு. தடைக்காலம் ஆரம்பிச்சு வீட்டுக்காரர் வேலைக்குத் தயாரா நிக்கிறாரு, கொத்தனார் அண்ணனும் ஆளோட வந்துட்டாரு, கரண்ட் இல்ல.

போன் பண்ணா முதல்ல "சர்வர் டவுனுக்கா". அப்புறம் "ஏ.ஈ. சார் லீவு", அதாவது உதவிப் பொறியாளர். அப்புறம், "மின்வாரியத்தைப் பிரிச்சுப் பேரு மாத்திட்டாங்கல்லக்கா, பழைய விண்ணப்பமெல்லாம் புதுசுல ஏறணும்". வாரியத்தைப் பிரிச்சது 2024-ல. நான் விண்ணப்பம் போட்டதே அதுக்கு எவ்வளவோ நாள் பின்னாடி. இது எனக்கு இன்னைக்குத்தான் உறைக்குது, அன்னைக்கு ஆமாம்தானே போலன்னு தலையாட்டிட்டு வந்தேன்.

நாலாவது தடவை அவன் சொன்னதுதான் இன்னும் நெஞ்சை அறுக்குது. "அவசரம்னா பக்கத்து வீட்டுல இருந்து ஒரு வயர இழுத்து வேலைய ஆரம்பிங்கக்கா, யாரு கேக்கப் போறா?" பக்கத்து வீடு எங்க பெரியம்மா வீடு. அவங்களும் "இழுத்துக்கடி"ன்னுதான் சொன்னாங்க. கொத்தனார் அண்ணன்தான் தடுத்துட்டாரு. இன்னைக்கு ஆபீஸ்ல விசாரிச்சா, ஒரு வீட்டுக்குன்னு கொடுத்த கரண்ட்டை வேற இடத்துக்கு இழுத்தா 2003 மின்சாரச் சட்டம் 126-வது பிரிவுல வருமாம், ரெண்டு மடங்கு கட்டணம் போட்டுத் தீட்டிருவாங்களாம். அதுவும் பெரியம்மா பேருல வரும். முதியோர் உதவித்தொகையில காலம் தள்ளுற மனுசி. என் 42,000-ஐத் தின்னது பத்தாதுன்னு அவங்களையும் மாட்டி விடப் பாத்திருக்கான்.

வேற வழியில்லாம ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தோம். ஒரு நாளைக்கு 900 ரூபாய், டீசல் தனி. எட்டு நாள்தான் முடிஞ்சுது. தடைக்கால நிவாரணம் 8,000 வந்தது அப்படியே அதுல கரைஞ்சு போச்சு. இறக்கி வச்ச சிமெண்ட்டுல பதினோரு மூட்டை கட்டி தட்டிப் போச்சு. எங்க ஊரு உப்புக் காத்துல சிமெண்ட்டை எத்தனை நாள் வச்சிருக்க முடியும்? பேஸ்மெண்ட்டு மட்டத்தோட வேலை நிக்குது.

மே மாசம் கடைக்கே நேர்ல போனேன். புதுசா ஒரு பையன். "அண்ணன் மதுரைக்குப் போயிருக்காரு." மறுநாளும் மதுரை. மூணாவது நாள் உள்ளதான் இருந்தான். என்னைப் பாத்துட்டு போனைக் காதுல வச்சுக்கிட்டு கால் மணி நேரம் திரும்பவே இல்ல. என் பொண்ணு காலக் கட்டிக்கிட்டு வெயில்ல நிக்கிது. கடைசியா திரும்பி, "ரொக்கம் கொடுத்தேன்னு சொல்றீங்களே, அதுக்கு ரசீது இருக்கா?"ன்னான். அக்காங்கிற வார்த்தை அன்னைக்கு வரல. "உங்க பேருல விண்ணப்பம் போட்டாச்சுல்ல, அதோட என் வேலை முடிஞ்சுது. மீதிய ஆபீஸ்ல போய்க் கேளுங்க." கடையில இருந்த நாலு பேரும் என்னைத்தான் தப்பா பாத்தாங்க.

அவன் சொன்ன மாதிரியே இன்னைக்கு ஆபீஸ்ல போய்க் கேட்டேன். ரெண்டரை மாசத்துக்கு முன்னாடியே போயிருக்க வேண்டிய இடம். அங்க இருந்த மேடம் அந்தத் தாளை வாங்கிப் பாத்துட்டு, "ஏம்மா, இது நாங்க கொடுக்குற ரசீதே இல்லையே"ன்னாங்க. விண்ணப்ப எண் மட்டும் நிஜம். கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா, கட்டியிருக்கிறது பதிவுக் கட்டணம் மட்டும். வேற ஒத்தைக் காசு கட்டல. அதுவும் டெம்ப்ரவரின்னு போடாம வீட்டு இணைப்புன்னு போட்டிருக்கான், அங்க செவுரே எழும்பல. கூட சேர்த்தது அம்மா பேருல இருந்த பழைய பட்டா. என் பேருக்கு மாத்துன புதுப் பட்டா அவன் கையாலதானே பிரிண்ட் எடுத்தான்! ஆவணம் சரியில்லன்னு மார்ச் மாசமே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க.

"மெசேஜ் வந்திருக்குமேம்மா"ன்னு கேட்டாங்க. எனக்கு எந்த மெசேஜும் வரல. விண்ணப்பத்துல இருந்த செல் நம்பரை வாசிச்சாங்க. அது என் நம்பர் இல்ல. அவன் நம்பர்.

இதைத்தான் எல்லாரும் கவனிக்கணும். அந்த ஒரு கட்டத்துல அவன் நம்பரைப் போட்டதால, விண்ணப்பம் திரும்பினதுல இருந்து எல்லாத் தகவலும் அவனுக்குத்தான் போயிருக்கு. அவனுக்கு மார்ச்சுலயே எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு மாசம் சர்வரு, லீவு, மதுரைன்னு என்னைச் சுத்த விட்டிருக்கான்.

இன்னொன்னு. ஆபீஸ்ல இருந்து லைன்மேன் அண்ணன் இன்னைக்கே வந்து இடத்தைப் பாத்தாரு. எதிர்ல நிக்கிற போஸ்ட்ல இருந்து சர்வீஸ் வயர் தாராளமா எட்டும்னாரு. லோடு ஃபுல்லும் இல்ல, புதுப் போஸ்டும் தேவையில்ல. 15,000 ரூபாய் போஸ்டு அவன் நோட்டுல மட்டும்தான் நட்டிருக்கான்.

சாயங்காலம் ஸ்டேஷன்ல மனு கொடுத்தேன், மனு வாங்குனதுக்கு ரசீதா சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்திருக்காங்க. ஜிபே பண்ண 22,000-க்கு சைபர் கிரைம் உதவி நம்பர் 1930-க்கும் போன் பண்ணிச் சொன்னேன். "இவ்வளவு நாள் கழிச்சா"ன்னு கேட்டாங்க. ரொக்கமா கொடுத்த 20,000-க்கு சாட்சி நான் மட்டும்தான்.

என்னென்ன ஆவணம், எந்த ஆபீஸ்ல என்ன கேக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் நினைச்சேன். இப்ப முடியல. அவசரமா இதை மட்டும் சொல்லிடுறேன். யாரு விண்ணப்பம் போட்டாலும் அதுல உங்க செல் நம்பர்தான் இருக்கணும், அங்கயே நின்னு திரையில பாருங்க. வாரியத்துப் பணத்தை வாரியத்தோட இணையதளத்துலயோ கவுண்டர்லயோ மட்டும் கட்டுங்க, எந்த ஆளோட ஜிபேக்கும் அனுப்பாதீங்க. யாராவது போஸ்ட் வேணும், டிரான்ஸ்பார்மர் வேணும்னு சொன்னா, காசு எடுக்கிறதுக்கு முன்னாடி செக்‌ஷன் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேளுங்க. நேர்ல போக முடியலன்னா வாரியத்தோட புகார் மையம் மின்னகம் இருக்கு, 94987 94987, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பாங்க. பக்கத்து வீட்டுல இருந்து மட்டும் வயர் இழுத்துடாதீங்க.

புது விண்ணப்பம் இன்னைக்கு நானே போட்டுட்டேன். என் நம்பருக்கே மெசேஜ் வந்துருச்சு. கட்டுமானம் முடியுற வரைக்கும் வீட்டுக் கரண்ட்டை விட கட்டணம் கூடத்தான், இலவச யூனிட்டெல்லாம் இதுல கிடையாது. வேலை முடிஞ்சதும் வீட்டுக் கட்டணத்துக்கு மாத்தித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கணும்னு அந்த மேடம் பொறுமையா சொல்லி அனுப்புனாங்க. நான் போட்ட கணக்குப்படி, வாரியத்துக்கு நிஜமா கட்டப்போற தொகை அவன் எழுதிக் காட்டுனதுல பாதிகூட வராது. பக்கத்துலயே இருந்த ஆபீஸுக்கு அன்னைக்கே நடந்து போயிருந்தா என் சங்கிலி கழுத்துல இருந்திருக்கும்.

இன்னும் மூணு வாரம்கூட இல்ல, படகு கிளம்பிடும். அதுக்கப்புறம் வேலை நடக்குற இடத்துல நான் ஒத்தையாதான் நிக்கணும். ஐப்பசி மழைக்குள்ள காங்கிரீட்டு போட்டாகணும். 42,000 ரூபாய், அடகு வட்டி தனி.

வர்ற திங்கக்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கப் போறேன். அதே கடையில கரண்டுக்குன்னு காசு கொடுத்துட்டுக் காத்திருக்கிறவங்க இன்னும் ரெண்டு பேரு இருக்காங்கன்னு கொத்தனார் அண்ணன் சொன்னாரு. மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் யாராவது இதே மாதிரி கொடுத்திருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. அவன் கொடுத்த தாளைக் கிழிச்சுப் போட்டுடாதீங்க, அதையும் எடுத்துக்கிட்டு காலையில பத்து மணிக்கெல்லாம் வந்துருங்க. நான் வாசல்லயே நிக்கிறேன்.