கனமான பைக்கை வேனில் ஏற்ற: தள்ளுவதா, வின்ச்சில் இழுப்பதா?

250 கிலோ பைக், தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் வேன் தளம். 2.4 மீட்டர் சாய்பலகை போட்டால் பைக்கின் எடையில் கால் பங்கை, அதாவது சுமார் 62 கிலோவைத் தள்ள வேண்டும். பலகை 1.8 மீட்டர்தான் என்றால் அது 83 கிலோ ஆகிவிடும். எந்த வழியானாலும் நீளமான பலகையே வாங்குங்கள். அதை வேனோடு பட்டையால் கட்டாமல் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

செலவு: தள்ளுவதற்குப் பலகை போதும். வின்ச்சுக்கு (கயிற்றையோ பட்டையையோ சுருட்டிப் பாரத்தை இழுக்கும் கருவி) மோட்டார், பேட்டரி இணைப்பு, தளத்தில் உறுதியான பிடிமானம் எல்லாம் வேண்டும்.

நேரம்: தள்ளினால் ஒரு நிமிடம். வின்ச் மெதுவாகத்தான் இழுக்கும்.

ஆள்: தள்ள இரண்டு பேராவது வேண்டும். வின்ச் இருந்தால் ஒருவரே சமாளிக்கலாம், ஆனால் பைக் சாயாமல் பிடித்துக்கொண்டே வர வேண்டும்.

ஆபத்து: இதுதான் முக்கியம். பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்கி நின்றால் பாரம் பெரும்பாலும் பின்சக்கரத்தில் இருக்கும். முன் பிரேக்கைப் பிடித்தாலும் முன்சக்கரம் வழுக்கலாம். என்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சையே பிரேக் மாதிரி பயன்படுத்துங்கள்: விட்டால் பின்சக்கரம் நிற்கும், பிடித்தால் உருளும். வின்ச்சில் பொத்தானை விட்டால் பைக் அங்கேயே நிற்கும். ஆனால் வின்ச் இழுக்கும் பட்டையை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள், ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) கீழ்க் கிளாம்பில் மாட்டுங்கள்.

எப்போதாவது ஏற்றுபவர், கூட ஆள் உண்டு என்றால் பலகையே போதும். அடிக்கடி தனியாக ஏற்றுபவர்கள் தயங்காமல் வின்ச் போடுங்கள்.