ஸ்டிக்கரை உரித்த பிறகுதான் தெரிந்தது: பழைய ஏடிவி வாங்கி நான் பட்ட பாடு

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறவர்கள் யாராவது செகண்ட் ஹேண்ட் ஏடிவி (காடு மேட்டில் ஓட்டுகிற, ஹேண்டில் பார் வைத்த நாலு சக்கர வண்டி) பார்த்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

தேங்காயும் உரமூட்டையும் இழுக்க, போன வருஷம் ஒரு போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வாங்கினேன். விற்றவர் கோயமுத்தூர்ப் பக்கம் இந்த மாதிரி வண்டிகளையே வாங்கி விற்கிற ஆள். விலை 3 லட்சத்து 40 ஆயிரம். "ஏனுங்ண்ணா, ஒரே ஓனர், ஒரு போல்ட்டுகூடக் கழட்டலீங்க" என்றார். கழுவித் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருந்தார், சமதளத்தில் ரெண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன், சும்மா பாய்ந்தது, சரி என்று பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

மூணாவது வாரம் ட்ரெய்லரில் காய் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் மேட்டில் ஏறும்போது ரப்பர் கருகுகிற நாற்றம். பாதி மேட்டில் நின்றுவிட்டது. இஞ்சின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. இஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ரப்பர் பெல்ட் போச்சு.

மெக்கானிக் தம்பி வந்தவுடன் பெல்ட்டைத் தொடவில்லை, டயர் ஓரத்தில் இருந்த எழுத்தைத்தான் படித்தான். இந்த வண்டிக்குக் கம்பெனி டயர் 25 அங்குலம் உயரம், முன்னால் 25x8-12, பின்னால் 25x10-12 (முதல் எண்தான் உயரம்). என் வண்டியில் இருந்தது 28. டயர் பெரிதானால் அதைச் சுற்ற வைக்கிற பாரம் முழுக்க பெல்ட் தலையில்தான் விழும். மீட்டரும் பொய் சொல்லும்: 100 கிலோமீட்டர் காட்டினால் நிஜத்தில் 112 ஓடியிருக்கும். அப்படியானால் சோதனை ஓட்டத்தில் எப்படிப் பாய்ந்தது? இஞ்சின் வேகமாகச் சுற்றிப் பாய்கிற மாதிரி, கிளட்ச்சுக்குள் இருந்த எடைகளை லேசானதாகவும் ஸ்பிரிங்கை வேறு கலரிலும் (கலர் வேறென்றால் விறைப்பும் வேறு) மாற்றி வைத்திருந்தார்கள். காலி வண்டியில், சமதளத்தில் குறை தெரியவே தெரியாது.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஷாக் அப்சார்பர் மாட்டுகிற இடத்தில் பட்டை வைத்து வண்டியை 2 அங்குலம் தூக்கி, மேலே கறுப்பு ஸ்ப்ரே அடித்திருந்தார்கள். அதனால் ஆக்சில் சாய்வாக நின்று, பின்பக்க ஆக்சில் மூட்டை மூடுகிற ரப்பர் பூட் கிழிந்து, கிரீஸ் விசிறியடித்துக் கிடந்தது. வாங்கிய அன்றைக்குக் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், வெள்ளை வேட்டியில் போயிருந்தேன், குனியவில்லை.

ஹேண்டில் பாருக்கு முன்னால் பிளாஸ்டிக்கில் ரெண்டு பெரிய ஸ்டிக்கர். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். தம்பி நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தான்: அடியில் ரெண்டு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய வட்ட ஓட்டைகள், உள்ளே எம்-சீல் வைத்து அடைத்து, விரல் ரேகைகூட அதில் பதிந்திருந்தது. ஸ்நார்கல் குழாய் போயிருந்த இடம். அதாவது, காற்று இழுக்கிற குழாயை மேலே தூக்கி வைத்துத் தண்ணீருக்குள் ஓட்டியிருக்கிறார்கள். முன் கியர் பெட்டி எண்ணெயை வடித்தால் பால் விட்ட காப்பி மாதிரி வந்தது, தண்ணீர் புகுந்த அடையாளம். சீட்டுக்கு அடியில் டேப் சுற்றிய வயர் முனைகள் நாலு, எதோடும் சேராமல் தொங்கின.

எனக்கு வயிற்றெரிச்சல் மீட்டரை நினைத்தால்தான். கிலோமீட்டர் 2,100 என்று காட்டியது, அதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பட்டனை அமுக்கினால் அதே மீட்டரில் இஞ்சின் ஓடிய மணிக்கணக்கும் வரும்: 430 மணி. வகுத்துப் பாருங்கள், மீட்டர் கணக்கில் மணிக்கு 5 கிலோமீட்டர்கூட இல்லை. சேற்றிலும் தண்ணீரிலும் உருட்டிய வண்டியோ என்று அந்த ரெண்டு நம்பரே சந்தேகப்பட வைத்திருக்கும்.

ஜீப்பாக இருந்தால் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டாவது பார்க்கலாம். ரோட்டில் ஓட்டப் பதிவாகாத இந்த மாதிரி வண்டிக்கு அதுவும் இல்லை. கம்பெனி இன்வாய்ஸைக் கேளுங்கள், ஃபிரேமில் அடித்திருக்கிற நம்பரோடு சரிபாருங்கள். அப்புறம் டயர் ஓரத்தைப் படியுங்கள். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள், லொடலொடவென்று ஆடக்கூடாது. முக்கியமாக, பாரம் ஏற்றி மேட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இதுவரை செலவு 62 ஆயிரம். விற்றவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். "நீங்க கேக்கவே இல்லீங்களேண்ணா" என்றார், குரலில் ஒரு பதற்றமும் இல்லை. நான் வாங்கிய அன்றைக்கு அதே ஷெட்டில் சிவப்புக் கலரில் இன்னொன்று நின்றது. அதிலும் ஹேண்டிலுக்கு முன்னால் அதே மாதிரி ரெண்டு ஸ்டிக்கர்.